கணக்கு வாத்தியாருக்கு டல்லாஸிலிருந்து வந்த போன்

2025 டிசம்பர் இரண்டாவது வாரத்தில் அமெரிக்காவில் எல்லார் வாயிலும் ஒரே பேர்தான்: பிலிப் ரிவர்ஸ். என்எஃப்எல் என்கிற அமெரிக்க ஃபுட்பால் லீகில் ஆடும் இந்தியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியின் குவாட்டர்பேக், அதாவது பந்து போட்டு ஆட்டத்தை நடத்துகிறவர், டேனியல் ஜோன்ஸுக்குக் குதிகால் தசைநார் அறுந்துவிட்டது. சீசன் முடிய இன்னும் நாலு ஆட்டம். கோல்ட்ஸ் யாருக்குப் போன் போட்டார்கள் தெரியுமா? ஆட்டத்தை விட்டு ஐந்து வருஷம் ஆகியிருந்த 44 வயது ஆளுக்கு. பத்துப் பிள்ளைகளின் அப்பா, தாத்தாவும் ஆகிவிட்டவர். அலபாமாவில் ஃபேர்ஹோப் என்கிற ஊரில், செயின்ட் மைக்கேல் என்ற கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் பையன்களுக்குக் கோச்சாக இருந்தவர். அந்த ஞாயிற்றுக்கிழமையே சியாட்டலில் போய் ஆடினார். 18-16 என்று தோற்றார்கள். கடைசிப் பதினெட்டு விநாடி இருக்கும்போது எதிரணி 56 யார்டு தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்த ஃபீல்டு கோலில்தான் போனது அந்த ஆட்டம்.

வாட்ஸப் குரூப்களில் தாத்தா மீம்கள் பறந்தன. டிவியில் பேசிய பெரிய மனிதர்களும் "சோபாவிலிருந்து எழுந்து வந்தார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எனக்கு அதில்தான் கோபம். சோபாவிலிருந்து எங்கே எழுந்து வந்தார்? மைதானத்திலிருந்து வந்தார். ஹை ஸ்கூல் மைதானம் இவர்கள் கணக்கில் மைதானமே இல்லை, அவ்வளவுதான்.

எனக்கு அந்த வாரம் முழுக்க ஞாபகத்தில் ஓடியது ரிவர்ஸ் இல்லை, ஜான் கிட்னா. பன்னிரண்டு வருஷம் முன்னால் இதே டிசம்பர் மாதம், இதே மாதிரி போன் அவருக்கு வந்தது. அவர் அப்போது கணக்கு வாத்தியார்.

2013 டிசம்பர். டல்லாஸ் கவ்பாய்ஸுக்கும் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கும் சீசனின் கடைசி ஆட்டம். ஜெயிக்கிறவருக்கு டிவிஷன் பட்டமும் பிளேஆஃப் என்கிற நாக்-அவுட் சுற்றில் இடமும், தோற்கிறவருக்கு வீடு. அதற்கு முந்தைய ஆட்டத்தில் டல்லாஸ் குவாட்டர்பேக் டோனி ரோமோவுக்கு முதுகு டிஸ்க் நகர்ந்துவிட்டது. அடுத்த ஆள் கைல் ஆர்ட்டன் இருக்கிறார். அவருக்கும் ஏதாவது ஆகிவிட்டால்? ஐந்தே நாளில் அணியின் ஆட்ட நகர்வுகள் எல்லாம் அடங்கிய பிளேபுக்கைப் புதிதாக ஒருவன் தலையில் ஏற்ற முடியாது. ஏற்கெனவே அது தலைக்குள் இருக்கிற ஆள் வேண்டும். ஹெட் கோச் ஜேஸன் காரெட், வாஷிங்டன் மாநிலத்தில் டக்கோமா நகரத்து லிங்கன் ஹை ஸ்கூலில் அல்ஜீப்ரா நடத்திக்கொண்டிருந்த தன் பழைய மாற்று ஆட்டக்காரரைக் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்துக்குக் கிறிஸ்துமஸ் லீவு. கிட்னா விமானம் ஏறினார். வயது 41.

பிளேபுக் என்று சொன்னேனே, அதை ஒரு வரியில் கடந்துபோகக் கூடாது. குவாட்டர்பேக் பந்தைத் தூக்கிப் போடுகிறவர் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஒவ்வொரு ஆட்ட நகர்வுக்கும் முன்னால் பதினோரு பேரும் வட்டமாகக் கூடி நிற்கும்போது, யார் எங்கே நிற்க வேண்டும், யார் யாரைத் தடுக்க வேண்டும், பந்து பிடிக்கிறவர்கள் எந்தப் பாதையில் ஓட வேண்டும் என்பதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியவர் அவர்தான். டல்லாஸில் அப்போது இருந்தது எண்களால் ஆன முறை. ஓடும் பாதை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். 9 என்றால் நேராக ஓடு. 8 என்றால் கொஞ்சம் ஓடிவிட்டு கோல் கம்பத்தைப் பார்த்துச் சாய்வாக உள்ளே திரும்பு. மூன்று பேருக்கு மூன்று எண்கள், "525" என்பதுபோல. கூடவே மற்றவர்களுக்கு ஒரு சொல். குவாட்டர்பேக் வாயிலிருந்து 525 என்று வந்தால் மூன்று பேரும் தத்தம் எண்ணை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். இதைச் சொல்லி, எல்லாரும் வரிசையில் நின்று, எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் எல்லாவற்றையும் மாற்றி, பந்தை வாங்குவதற்கு மொத்தம் நாற்பது விநாடி. கணக்கு வாத்தியாருக்கு இது ஒத்துப்போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அந்த ஆட்டத்தில் கிட்னா ஒரு தடவைகூட உள்ளே போகவில்லை. ஆர்ட்டனே முழுக்க ஆடினார். கடைசி நிமிடங்களில் அவர் போட்ட பந்து எதிரணிக் கையில் போய் விழுந்தது. 24-22, டல்லாஸ் காலி. கிட்னா ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். அந்த ஒரு வாரத்துக்கு என்எஃப்எல் விதிப்படி அவருக்கு வந்த சம்பளம் 50,000 டாலருக்குச் சற்று மேல். அதை அப்படியே லிங்கன் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். எல்லாப் பத்திரிகையும் அந்த நன்கொடையைத்தான் எழுதின. எனக்கென்னவோ அந்த வேலையே அதைவிடப் பெரிசாகத் தெரிந்தது: கூப்பிட்டவுடன் போவது, எல்லாவற்றுக்கும் தயாராக நிற்பது, ஒன்றும் நடக்காமல் திரும்பி வருவது. அவருடைய வாழ்க்கை முழுக்க அதுதானே.

டக்கோமா சியாட்டலுக்குத் தெற்கே உள்ள துறைமுகப் பட்டணம். ஒரு காலத்தில் காகித ஆலை நாற்றத்துக்குப் பேர்போன ஊர். சுற்றுவட்டாரத்துக்காரர்கள் அந்த வாடைக்கே ஊர்ப் பேரை வைத்துக் கிண்டலடிப்பார்கள். சியாட்டல் பக்கம் மைக்ரோசாஃப்டில் அமேசானில் வேலை பார்க்கிற நம் ஆட்கள் அங்கே குடியேற யோசிப்பார்கள். லிங்கன் ஹை ஸ்கூல் 1914-இல் திறந்த பழைய கட்டடம். வியட்நாமிலிருந்து வந்த குடும்பங்கள், கறுப்பினத்தவர், மெக்ஸிகோ பக்கத்தார் என்று உழைக்கிற ஜனங்களின் பிள்ளைகள் படிக்கிற இடம். பள்ளி அணியை ஆபிரகாம் லிங்கன் பேரைச் சுருக்கி ஏப்ஸ் என்பார்கள். 1972-இல் அந்த ஊரில் பிறந்த கிட்னா அந்தப் பள்ளியில்தான் படித்தார்.

படிப்பு முடிந்தபோது பெரிய காலேஜ் எதுவும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லன்ஸ்பர்க்கில் சென்ட்ரல் வாஷிங்டன் என்கிற சின்னப் பல்கலைக்கழகத்தில் தானாகப் போய்ச் சேர்ந்தார். அங்கே படித்தது கணிதம் கற்பிக்கும் படிப்பு. அதாவது ஃபுட்பாலில் ஓய்வுபெற்ற பிறகு வாத்தியார் ஆகலாம் என்று தோன்றியவர் இல்லை இவர். வாத்தியாராகப் போகிறவர் வழியில் பதினைந்து வருஷம் ஃபுட்பால் ஆடிவிட்டுப் போனார்.

என்எஃப்எல்லுக்குப் போன கதையும் அதிர்ஷ்டக் கதைதான். அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வருடாந்தர டிராஃப்டில் எந்த அணியும் அவர் பேரைச் சொல்லவில்லை. சியாட்டல் சீஹாக்ஸ் கோச் டென்னிஸ் எரிக்சனின் மருமகன் (நெஃப்யூ) ஒருவர் கிட்னாவோடு காலேஜில் ஆடியவர். அந்தப் பையன் எப்படிப் பந்து பிடிக்கிறான் என்று பார்க்க எரிக்சன் வந்தார். பந்து பிடிக்க வேண்டுமானால் யாராவது போட வேண்டுமே. போட்டவர் கிட்னா. மருமகனைப் பார்க்க வந்தவர் இவரைக் கூட்டிக்கொண்டு போனார். 1997-இல் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். பார்சிலோனா டிராகன்ஸ் என்ற அணிக்கு ஆடி, வேர்ல்டு பௌல் ஜெயித்து, ஆட்ட நாயகன் விருதோடு வந்தார்.

அதற்கப்புறம் சியாட்டல், சின்சினாட்டி, டெட்ராய்ட், டல்லாஸ். மொத்தக் கணக்கைப் பார்த்தால், அவர் போட்ட பந்து எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளியான டச் டவுன் 169, எதிரணி கையில் போன பந்து 165. முதல் ஆளாக ஆடத் தொடங்கிய ஆட்டங்களில் 50 வெற்றி, 74 தோல்வி. இந்த எண்களை வைத்துக்கொண்டு யாரும் சிலை வைக்க மாட்டார்கள். ஆனால் சின்சினாட்டியில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

2003-இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் டிராஃப்டின் முதல் ஆளாகக் கார்ஸன் பாமரை எடுத்தது. அணியின் எதிர்காலம் அவர்தான் என்று ஊருக்கே தெரியும். ஆனால் முதல் வருஷம் பாமர் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும், கிட்னா ஆடட்டும் என்று முடிவு. கிட்னா பதினாறு ஆட்டமும் ஆடினார், 26 டச் டவுன் போட்டார், அந்த வருஷத்து 'மீண்டெழுந்த வீரர்' விருதையும் வாங்கினார். அடுத்த வருஷம்? விருது வாங்கியவர் பெஞ்சுக்குப் போனார், பாமர் உள்ளே வந்தார். நம் ஆபீஸில் ஒருவருக்கு இப்படி நடந்தால் மறுநாளே லிங்க்டினைத் திறந்துவிடுவார். கிட்னா அங்கேயே இருந்து, தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்த பையனுக்குச் சொல்லிக்கொடுத்தார். 2006 ஜனவரியில் பிளேஆஃப் ஆட்டம். முதன்முதலாகப் போட்ட பந்திலேயே பாமரின் முழங்கால் போய்விட்டது. கிட்னா தொப்பியைக் கழற்றிவிட்டு ஹெல்மெட் மாட்டினார். பிட்ஸ்பர்க்கிடம் தோற்றார்கள், அது வேறு.

இரண்டாவது குவாட்டர்பேக்கின் வேலையை வெளியே இருந்து பார்த்தால் சும்மா சம்பளம் என்று தோன்றும். வாரம் முழுக்க அவர் செய்வது என்ன? பயிற்சியில் அடுத்து வரப்போகிற எதிரணிக் குவாட்டர்பேக்காக வேஷம் கட்டுவார், தன் அணியின் தற்காப்பு ஆட்டக்காரர்கள் பழகிக்கொள்வதற்காக. படம் போட்டுப் பார்க்கும் அறையில் முதல் ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கவனிக்காததைக் கவனித்துச் சொல்வார். ஆட்டத்தன்று ஓரத்தில் நின்று ஒவ்வொரு நகர்வையும் குறித்து வைப்பார். தான் ஆடப்போவதில்லை என்று தெரிந்தே எல்லாவற்றையும் கற்று, இன்னொருவன் நன்றாக ஆடுவதற்காக அதைச் செலவழிக்கிற தொழில் அது. வகுப்பறையில் நிற்கிறவரின் தொழிலும் அதுதான். நட்சத்திர ஆட்டக்காரர்கள் கோச்சாக வந்து தடுமாறுவதை நிறையப் பார்க்கிறோம். தனக்குத் தானாக வந்ததை அடுத்தவனுக்கு எப்படிச் சொல்வது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. கிட்னா மாதிரி ஆட்களுக்கு எதுவும் தானாக வந்ததில்லை.

டெட்ராய்ட் வருஷங்களை வேகமாகத் தாண்டிவிடலாம், ஒரு விஷயம் தவிர. 2006-இலும் 2007-இலும் அடுத்தடுத்து நாலாயிரம் யார்டுக்கு மேல் பந்து போட்டார், அணியோ இரண்டு வருஷமும் ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம். அடியும் அப்படியே வாங்கினார்: 2006-இல் மட்டும் 63 தடவை பந்தோடு தரையில் சாய்த்தார்கள். 2007 செப்டம்பரில் மின்னசோட்டாவுடன் நடந்த ஆட்டத்தில் தலையில் அடிபட்டு, மூளை அதிர்ச்சியோடு வெளியே போனவர், ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியான நாலாவது குவார்ட்டரில் திரும்பி வந்து ஆடி ஜெயிக்க வைத்தார். ஆழ்ந்த பக்தர் அவர்; கடவுள் செய்த அதிசயம் என்றார். அன்றைக்கு அதை வீரம் என்று எழுதியவர்கள் உண்டு. இன்றைய விதிப்படி டாக்டர்கள் அவரை அந்த மைதானத்துக்குள் விடவே மாட்டார்கள். 2017-இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், இறந்துபோன என்எஃப்எல் ஆட்டக்காரர்கள் 111 பேரின் மூளைகளைச் சோதித்து 110-இல் சிடிஇ என்கிற சிதைவு நோயைக் கண்டார்கள். சந்தேகம் இருந்த குடும்பங்கள் கொடுத்த மூளைகள்தான் அவற்றில் பெரும்பாலும், ஆகவே எல்லாருக்கும் இப்படி என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்த எண்ணைப் படித்த பிறகு என்னால் பழைய மாதிரி ஆட்டம் பார்க்க முடிவதில்லை. அந்த ஆட்டத்தைத்தான் பதினைந்து வயதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கிட்னாவை எனக்குப் பிடிக்கும் என்பதால் இது மறைந்துவிடாது.

எங்கள் வீட்டில் யாரும் ஃபுட்பால் ஆடவில்லை. மகள் பள்ளிக்கூட மார்ச்சிங் பேண்டில் கிளாரினெட் வாசித்தாள். டெக்ஸஸில் இருக்கிற இந்தியப் பெற்றோர் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை ராத்திரி ஸ்டேடியத்துக்கு வருவது இதற்காகத்தான். இடைவேளையில் பேண்ட் வந்து போனதும் கிளம்பிவிடுவோம் என்று வருவோம். பிள்ளைகள் நாலாவது குவார்ட்டர் வரை வரிசையில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும், ஆகவே நாமும் உட்கார வேண்டியதுதான். அப்படி உட்கார்ந்துதான் இந்த ஆட்டம் எனக்குப் புரிந்தது. ஹை ஸ்கூல் ஆட்டத்தில் பையன்களின் மணிக்கட்டில் ஒரு பட்டை இருக்கும், பரிட்சைக்குப் பிட் எழுதியது மாதிரி பொடி எழுத்தில் கட்டம் கட்டமாக ஆட்ட நகர்வுகள். ஓரத்தில் இருந்து யாரோ கையால் சைகை காட்ட, பையன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்க, பாதி நேரம் தப்பான வரியைப் படித்துவிட்டு எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் ஓட, கோச் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பார். பெரிய ஆட்டத்தில் டிவி காட்டாத எல்லாம் இங்கே கண்ணுக்கு முன்னால் நடக்கும்.

டெக்ஸஸில் இது தனி உலகம். ஆலன் என்கிற புறநகர் 2012-இல் 60 மில்லியன் டாலர் செலவில் 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியத்தை ஹை ஸ்கூல் பையன்களுக்காகக் கட்டியது. இரண்டே வருஷத்தில் கான்கிரீட்டில் விரிசல் விட்டு மூடி, பழுதுபார்த்தார்கள். வரிப்பணம். ஆனால் இதே டெக்ஸஸில் 1984-லிருந்து ஒரு சட்டமும் உண்டு: பாடத்தில் ஃபெயில் ஆனவன் ஆட முடியாது. ஆகவே இங்கே கோச் என்பவர் பையன்களின் மார்க் ஷீட்டையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை யார் ஆடுவார் என்பதை டாக்டர் ஒரு பக்கம் முடிவு செய்கிறார், அல்ஜீப்ரா டீச்சர் இன்னொரு பக்கம்.

லிங்கனில் மூன்று சீசன் இருந்த கிட்னா 2015-இல் டல்லாஸுக்குத் தெற்கே வாக்ஸஹாச்சிக்கு வந்தார். பிறகு ஃபீனிக்ஸில் ஒரு கத்தோலிக்கப் பள்ளி. 2019-இல் கவ்பாய்ஸ் மறுபடி கூப்பிட்டது, இந்தத் தடவை குவாட்டர்பேக் கோச்சாக. அணியின் குவாட்டர்பேக் டாக் ப்ரெஸ்காட் அந்த வருஷம் 4,902 யார்டு போட்டார். ஆனால் அணி பாதிக்குப் பாதி தோற்றது, காரெட்டை அனுப்பிவிட்டார்கள், புது ஹெட் கோச் வந்தார், கிட்னாவுக்கும் இடமில்லை. 2020-இல் அவர் ஃபோர்ட் வொர்த்துக்குத் தெற்கே பர்லஸன் ஹை ஸ்கூலில் கோச்.

அந்தச் சமயம் ஸ்டேடியத்தில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிற மதுரைக்கார நண்பர், டிராம்போன் பையனின் அப்பா, கேட்டார்: "ஏன் சார், கவ்பாய்ஸ்ல இருந்துட்டு திரும்ப ஸ்கூலுக்கா? இது டிமோஷன் இல்லையா? இன்னொரு என்எஃப்எல் டீம் கிடைக்காமலா போயிடும்?"

"அவர் முதல்ல எங்கே இருந்து வந்தார்னு பாருங்க சார்" என்றேன்.

"சம்பாதிச்சு வெச்சிருப்பார். அதான் தைரியம்."

அதையும் மறுக்க முடியாது. பதினைந்து சீசன் என்எஃப்எல் சம்பளம் பேங்கில் இருக்கிறவருக்கு வாத்தியார் வேலை என்பது ஒரு தேர்வு. லிங்கனில் பக்கத்து அறையில் அறிவியல் நடத்துகிற டீச்சருக்கு அது வயிற்றுப்பாடு. அந்த வித்தியாசத்தை மறைத்துத் தியாகி பட்டம் கட்டுகிற கட்டுரைகள் எனக்கு ஒவ்வாது. ஆனால் பணம் இருக்கிற மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்க்கிறோமே. டிவி ஸ்டுடியோவில் கோட்டு போட்டு உட்கார்ந்து பேசலாம். அதற்கு லீவு நாளில் வந்து பையன்களின் ஆட்டத் துணி துவைக்க வேண்டியதில்லை, ஃபெயிலான பையனின் அம்மாவுக்குப் போன் போட வேண்டியதில்லை.

ரிவர்ஸின் வழி வேறு. அவருக்கு இது குலத்தொழில். அப்பா ஸ்டீவ் ரிவர்ஸ் அலபாமாவில் ஹை ஸ்கூல் கோச்; மகன் அப்பாவின் அணியில்தான் ஆடினார். பிறகு டிராஃப்டில் நாலாவது ஆள், 240 ஆட்டம் ஒன்றுவிடாமல் தொடர்ச்சியாக, 63,440 யார்டு. முழங்காலில் ஆபரேஷன் ஆன ஒரே வாரத்தில், உள்ளே லிகமென்ட் அறுந்திருந்த நிலையில், 2008 ஜனவரியில் அரையிறுதி மாதிரியான ஆட்டம் ஆடினவர். கிட்னாவின் வாழ்க்கை காத்திருந்தவரின் வாழ்க்கை என்றால் இவர் ஒருநாளும் இடத்தைக் காலி செய்யாதவர். இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே, 2020-இல், ஓய்வுக்குப் பிறகு செயின்ட் மைக்கேலுக்குக் கோச்சாகப் போவேன் என்று சொல்லி வைத்துவிட்டார். அவருடைய மகன் கன்னர் அங்கே குவாட்டர்பேக் ஆனான். தாத்தா, அப்பா, பேரன்.

2025-இல் கோல்ட்ஸ் அவரைக் கூப்பிட்டதற்குக் காரணம் பழைய புகழ் இல்லை. ஹெட் கோச் ஷேன் ஸ்டைக்கன், ரிவர்ஸின் பழைய அணியான சார்ஜர்ஸில் ரிவர்ஸோடு வருஷக்கணக்காக வேலை பார்த்தவர். இருவரும் பேசுகிற ஆட்ட மொழி ஒன்று. ரிவர்ஸ் அதையேதான் செயின்ட் மைக்கேல் பையன்களுக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஐந்து வருஷமாகத் தினமும் அந்தச் சொற்களை வாய்விட்டுச் சொல்லி, தப்பாக ஓடுகிற பையனை நிறுத்தி, ஏன் அந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தவருக்கு அது மறக்க வழியே இல்லை. கால் வேகம் போய்விட்டது, கை பலம் குறைந்துவிட்டது. இதெல்லாம் சியாட்டலில் நன்றாகவே தெரிந்தது, 120 யார்டுதான் போட்டார். ஆனால் எதிரணி நிற்கிற நிலையைப் பார்த்து ஆட்களை இடம் மாற்றியபோது ஒரு நொடித் தயக்கம் இல்லை.

ஆட்டம் முடிந்து நிருபர்களிடம் பேசும்போது அவர் குரல் உடைந்தது. தன் பிள்ளைகளையும் பள்ளியில் தன் பொறுப்பில் இருக்கும் பையன்களையும் நினைத்துக்கொண்டேன் என்றார். கோச் பயப்படவில்லை என்று அவர்கள் பார்த்திருப்பார்கள் என்றார். அடுத்த இரண்டு ஆட்டமும் தோல்வி. சான் ஃபிரான்சிஸ்கோவிடம் 48-27, ஜாக்ஸன்வில்லிடம் 23-17. கடைசி ஆட்டத்துக்கு இளைய ஆளான ரைலி லெனர்டை இறக்கினார்கள். இந்த மூன்று தோல்விக்காக ரிவர்ஸ் கொடுத்த விலையும் உண்டு: ஓய்வுபெற்ற பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேம் தேர்வில் அரையிறுதிப் பட்டியலில் இருந்தவர், ஓய்வுக்குப் பிறகு ஐந்து வருஷம் என்கிற காத்திருப்பை இப்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கிட்னா 2023-இல் பர்லஸனையும் விட்டு ஒஹாயோவுக்குப் போனார், லேகோட்டா ஈஸ்ட் ஹை ஸ்கூலுக்குக் கோச்சாக. சின்சினாட்டியின் வடக்குப் புறநகர் அது, பாமருக்கு இடம் விட்டுக்கொடுத்த ஸ்டேடியத்திலிருந்து காரில் அரைமணி நேரம். மதுரை நண்பரிடம் சொன்னேன். "அங்கேயும் கணக்கு நடத்துறாரா?" என்று கேட்டார்.